நண்டு மேல் போட்ட பழி

அண்ணே,

இன்று காலை எங்கள் ஆய்வுக்கூடத்துப் படியில் ஒரு வயல் நண்டு ஏறி வந்தது. இரண்டு நாளாக மழை. பின்பக்கத்து வயலில் வேறு தண்ணீர் கட்டி வைத்திருக்கிறோம். அதற்கு அங்கே என்ன மனக்குறையோ தெரியவில்லை, நிதானமாகப் படியேறி வந்து என் செருப்புக்குள் உட்கார்ந்துகொண்டது. பெருக்க வந்த அம்மா துடைப்பத்தை ஓங்கினார். நான் ஓடிப்போய்த் தடுத்தேன். நண்டு என்றால் அவ்வளவு பாசமா என்று கேட்டார். அதற்கு நான் என்ன பதில் சொல்வேன்? நண்டு இனத்தின் மேல் பொய்ப்பழி போட்டு, அதற்குக் கீழே கையெழுத்தும் போட்டு, மேலிடத்துக்கு அனுப்பியவள் நான். போட வைத்தவர் நீங்கள். ஒரு தாளில் அதை ஏந்திப்போய் வரப்பில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் வேலை ஓடவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதன்முதலில் உங்கள் ஊருக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? தஞ்சாவூரில் பஸ் ஏறி, கும்பகோணத்தில் மாறி, மாயவரத்தில் மாறி, சீர்காழியில் இறங்கி, அங்கிருந்து ஒரு ஷேர் ஆட்டோவில் ஆறு பேருக்கு நடுவில் ஏழாவது ஆளாக வந்து சேர்ந்தேன். கையில் நூறு பிளாஸ்டிக் குப்பிகள். வயலில் இறங்கி, ஒவ்வொரு நாற்றிலும் விரல்நுனி அளவு இலையைக் கிள்ளி, ஒவ்வொரு குப்பியில் போட்டு, எண் எழுதிக்கொண்டிருந்தேன். வரப்பில் கூட்டம் கூடிவிட்டது. என்ன செய்கிறாள் இந்தப் பெண் என்று ஒருவர் கேட்டதற்கு, "நெல்லுக்கு ரத்தப் பரிசோதனைங்க" என்று நீங்கள் சர்வசாதாரணமாகச் சொன்னீர்கள். அன்றிலிருந்து உங்கள் ஊரில் நான் டாக்டரம்மா. மறுமுறை வந்தபோது ஒரு பாட்டி கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார், மூன்று நாளாகச் சாணி சரியில்லையாம்.

நான் கூத்தாநல்லூர்க்காரி. வாப்பா சிங்கப்பூரில் கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டில் நெல் என்பதே கிடையாது, அரிசிதான் உண்டு, அதுவும் மூட்டையில்தான் விளையும். படித்துப் பட்டம் வாங்கி, நெல்லின் மரபணுவைப் படம் போட்டுக் காட்டத் தெரிந்த பிறகும், சேற்றில் இறங்கினால் எந்தக் காலை முதலில் எடுப்பது என்று தெரியாது. முதல் நாள் செருப்பு உள்ளேயே போய்விட்டது. நீங்கள் கையை விட்டுத் துழாவி எடுத்துக் கொடுத்துவிட்டு, இது இன்னும் முளைக்கல என்றீர்கள்.

எங்கள் வேலையை உங்களுக்கு விளக்கியதும் அன்றுதான். மழைக்காலத்தில் சம்பா முழுகினால், மூச்சுக்காக மேலே மேலே நீண்டுகொண்டே போகும். இருக்கிற பலத்தை எல்லாம் அதில் செலவழித்துவிட்டு, தண்ணீர் வடியும்போது நிற்கத் தெம்பில்லாமல் செத்துப்போகும். வேறொரு மாநிலத்தில், வெள்ளக்காட்டில் வளர்ந்த பழைய நெல் ஒன்று உண்டு. அது முழுகினால் நீளாது. அசையாமல் கிடக்கும். இரண்டு வாரம் கழித்து வடிந்ததும் எழுந்து நிற்கும். அந்த ஒரு குணத்துக்கான மரபணுவை மட்டும் நம் சம்பாவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்காக இரண்டையும் கலந்து, பிறந்ததை மறுபடி மறுபடி சம்பாவோடேயே கலந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் இலையைச் சோதித்து, அந்தக் குணம் ஒட்டியிருக்கும் செடியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துக்கொண்டே வந்தோம்.

இதைச் சொல்லி முடிக்க எனக்கு அரை மணி நேரமாயிற்று. நீங்கள் தாடையைச் சொறிந்தபடி கேட்டுவிட்டு, "புரியுதுங்க. எங்க மாமியா வந்தா நான் இருக்கற மாதிரி. தலைய தூக்குனா செத்தோம். பேசாம அமுங்கிக் கெடந்தா அவங்க ஊருக்குப் போனதும் எழுந்து உக்காந்துக்கலாம்" என்றீர்கள். கூடையோடு பின்னால் நின்ற அண்ணி, "எங்கம்மா வந்து பத்து மாசம் ஆவுது. நீங்க இன்னும் எழுந்திரிக்கல" என்றார். இத்தனை வருடத்தில் எத்தனையோ கூட்டங்களில் இந்த மரபணுவை விளக்கியிருக்கிறேன். உங்கள் மாமியாரை விட்டுவிட்டுச் சொன்ன எந்த விளக்கமும் எடுபட்டதில்லை.

ஒன்பது மா நிலம் உங்களுக்கு. மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கர் என்பதையே நீங்கள்தான் சொன்னீர்கள். உங்கள் அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் வயலில் நட்டவர்கள். உங்கள் பெயரில் பட்டா வந்த நாளில் அப்பா வரப்பைச் சுற்றி வந்து வந்து, ஒன்பதாவது சுற்றில் மயக்கம் போட்டு விழுந்தாராம். அந்த நிலத்தில் ஒரு மாவை எங்கள் சோதனைக்கு விட்டீர்கள். சுற்றி இடுப்புயர வரப்பு எழுப்பினோம். பாதியில் எங்கள் புது நெல், அதற்குச் சிவப்புக் குச்சி. மீதிப் பாதியில் நீங்கள் எல்லோரும் வழக்கமாக நடும் அதே பழைய சம்பா, அதற்கு வெள்ளைக் குச்சி. நட்டு வேர் பிடித்ததும், வாய்க்காலிலிருந்து மோட்டார் போட்டு முழுசாக முழுகடிக்க வேண்டும். பதினாலு நாள் அப்படியே இருக்க வேண்டும். பிறகு வடியவிட்டுப் பார்த்தால் வெள்ளை செத்திருக்கும், சிவப்பு பிழைத்திருக்கும். வெள்ளை செத்தால்தான் சிவப்பு பிழைத்ததற்கு அர்த்தம். இதை நான் சொன்னபோது உங்கள் முகத்தில் ஏதோ ஒன்று மாறியது. நான் அப்போது குச்சிக்கு வர்ணம் அடிப்பதில் மும்முரமாக இருந்தேன்.

முதல் வருடம், ஏழாம் நாள் காலை உங்கள் போன். தண்ணீர் வடிந்துவிட்டதாம். பஸ் பிடித்து வந்து பார்த்தால், வயலில் கணுக்கால் அளவு சேறு, அதில் சிவப்பும் வெள்ளையும் சமத்துவமாகப் பச்சை காட்டிக்கொண்டு நிற்கின்றன. நீங்கள் வரப்பில் ஓர் ஓட்டையைக் காட்டினீர்கள். நண்டு வளை என்றீர்கள். சாட்சிக்கு ஒரு நண்டையும் பிடித்துப் பழைய தூக்குச் சட்டியில் போட்டு வைத்திருந்தீர்கள். நானும் நம்பினேன். கூத்தாநல்லூர்க்காரிக்கு நண்டைப் பற்றி என்ன தெரியும்? குழம்பில் பார்த்ததுதான். அறிக்கையில், வயல் நண்டு வளையால் நீர்க்கசிவு ஏற்பட்டுச் சோதனை தடைப்பட்டது என்று எழுதி அனுப்பினேன்.

அந்த ஒற்றை வரி என்ன பாடு படுத்தியது தெரியுமா? ஆய்வுக் குழுவில் நெல்லைப் பற்றிப் பத்து நிமிடம்தான் பேசினார்கள். மீதி நேரம் முழுக்க நண்டு. ஒருவர் அது எந்த இனம் என்றார். இன்னொருவர், ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை நண்டு என்று ஏன் கணக்கெடுக்கவில்லை என்று கடிந்துகொண்டார். எங்கள் தலைவர் சாக்குப்போக்கு பிடிக்காத மனிதர். அடுத்த வருடம் நெல் வளர்ப்பாயா நண்டு வளர்ப்பாயா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இரண்டாம் வருடம் விட்டேனா? வரப்பின் உட்பக்கம் முழுக்கத் தடித்த கறுப்புத் தார்ப்பாய் விரித்தேன். நண்டுக்கு வைக்க வேண்டிய இரையைப் பற்றிப் படித்து வந்து, நீங்களும் நானும் ஒரு நாள் முழுக்கக் கருவாட்டு உருண்டை பிடித்தோம். நீங்கள் என்னைவிட அக்கறையாகப் பிடித்தீர்கள் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. உங்களுக்குள் ஒரு நல்ல நடிகர் வீணாகப் போனார். ஒன்பதாம் நாள் போன் வந்தது. மறுபடியும் நண்டு.

இந்த முறை நான் குனிந்து பார்த்தேன். ஒரு வருடமாக நண்டைப் பற்றிப் படித்திருந்தேன் அல்லவா, நண்டு வளை சரிந்து கீழே இறங்கும் என்று தெரியும். இந்த வளையோ கடப்பாரை போனது போல நேராக இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளிவந்திருந்தது. தார்ப்பாயில் மூன்று பக்கம் ஒழுங்காக வெட்டி, நாலாவது பக்கத்தை மடித்து, சன்னல் மாதிரி திறந்து வைத்திருந்தது. நண்டு கத்தரிக்கோல் வைத்திருக்கிறதா அண்ணே என்று கேட்டேன். "அதுக்குத்தான் ரெண்டு பக்கமும் கொடுக்கு இருக்குல்ல டாக்டரம்மா" என்றீர்கள், என் முகத்தைப் பார்க்காமல். டீ கொண்டுவந்த அண்ணி, நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, சொன்ன வேகத்தில் வீட்டுக்குத் திரும்பி நடந்தார். அப்போது நீங்கள் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்த விதத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

கோபத்தில் எனக்கு வார்த்தை தடித்தது. தெரியாமல் செய்தீர்களா, தெரிந்தே செய்தீர்களா என்று கத்தினேன். ஆறு வருட உழைப்பை ஒரு கடப்பாரையில் வடிய விட்டுவிட்டீர்களே என்றேன். நீங்கள் வெள்ளைக் குச்சிகளின் பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னீர்கள்.

"எங்கப்பா காலம் பூரா அடுத்தவன் வயல்ல நட்டாருங்க. அந்த நெல்லுல அவருக்கு ஒரு மணி கெடையாது. அதையும் பொழைக்கணும்னுதான் நட்டாரு. சாவறதுக்குன்னே நட்டா, அது என்னங்க நடவு?"

பதில் தெரியாதபோது படித்தவர்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன், பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டேன். ஆட்டோவில் வரும்போதுதான், தினமும் விடியலில் அந்த வரப்பில் நின்று, தண்ணீருக்குள் நீண்டு நீண்டு மேலே வரத் தவிக்கும் பயிரைப் பார்த்தவர் நீங்கள் என்பது உறைத்தது. நான் பார்த்ததெல்லாம் ஏழாம் நாளும் ஒன்பதாம் நாளும் சேறுதான். ஆனாலும் கோபம் தணியவில்லை. அறிக்கையில் மறுபடியும் நண்டு என்றே எழுதினேன். உண்மையை எழுதினால் உங்கள் வயலை விலக்கிவிடுவார்கள். அது ஏன் எனக்கு அவ்வளவு பெரிதாகப் பட்டது என்று அன்று யோசிக்கவில்லை.

தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார். இன்னும் ஒரே பருவம். அதிலும் நண்டு வந்தால் திட்டத்தை மூடிவிட்டு, விதையைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டியதுதான். வேறு வயல் பார் என்றும் சொன்னார். நானும் பார்க்கக் கிளம்பியிருந்தேன். அந்த வாரத்தில்தான் நீங்கள் தஞ்சாவூர் வந்தீர்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஈரச் சாக்கு. சாக்குக்குள் இரண்டு கிலோ நண்டு. சமாதானத்துக்கு மனிதர்கள் பழம் வாங்கி வருவார்கள், இனிப்பு வாங்கி வருவார்கள். நீங்கள் குற்றவாளிகளையே பிடித்துக்கொண்டு வந்திருந்தீர்கள். அதில் நாலு பேர் சாக்கிலிருந்து தப்பித்து, குளிரூட்டிய அறையில் விலையுயர்ந்த கருவிகளுக்கு அடியில் புகுந்துகொண்டதும், எங்கள் தலைவர் நாற்காலி மேல் ஏறி நின்றதும், அந்தக் கட்டடத்தில் இன்றுவரை பேசப்படுகின்றன. நண்டுப் பிரச்சினை உண்மைதான் போலிருக்கிறது என்று அவர் நாற்காலியில் நின்றபடியே சொன்னார். நீங்கள் குனிந்து பிடிப்பது போல முகத்தை மறைத்துக்கொண்டீர்கள்.

வெளியே மரத்தடியில் வந்துதான் விஷயத்தைச் சொன்னீர்கள். இந்த முறை கை வைக்க மாட்டேன், உங்க சாமி மேலயும் சத்தியம், எங்க சாமி மேலயும் சத்தியம். ஆனால் ஒரு வேண்டுகோள். தண்ணீர் விடுவதற்கு முன்னால் வெள்ளைக் குச்சிப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு குத்து நாற்றைப் பிடுங்கித் தர வேண்டும். வீட்டில் வாளியில் நட்டு வைத்துக்கொள்வீர்கள். "ஒண்ணாச்சும் பொழைச்சுக் கெடக்கட்டுங்க. மத்ததுக்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றீர்கள். சோதனையின் விதிகளில் இதற்கெல்லாம் இடமில்லை. சரி என்றேன்.

அந்தக் கார்த்திகையில், மோட்டார் போட்டு வயலை முழுகடித்த ஐந்தாம் நாள், வானம் திறந்துகொண்டது. மூன்று நாள் விடாத மழை. வாய்க்கால் எது, வயல் எது, ரோடு எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே தண்ணீர். பஸ் நின்றுவிட்டது. நான் தஞ்சாவூரில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தினமும் காலையில் கூப்பிட்டுக் குச்சியின் அளவு சொல்வீர்கள். இன்னும் நாலு விரல் தெரியுது. இன்னைக்கு ரெண்டு விரல். பிறகு ஒரு நாள், குச்சி தெரியலங்க என்றீர்கள். நான் கவலையோடு கேட்டதெல்லாம் அந்த ஒரு மாவைப் பற்றித்தான். பத்தாம் நாளோ என்னவோதான், அண்ணே உங்களோட மத்த எட்டு மா என்று கேட்க எனக்குத் தோன்றியது. "அதுவும் அதே தண்ணிலதாங்க கெடக்கு" என்றீர்கள். அந்த எட்டு மாவும் வெள்ளைக் குச்சி நெல்தான். அண்ணே, அப்போது எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

வடிந்து, பாதை திறந்து, நான் வந்து சேர்ந்த அன்று ஊரே அழுகல் வாடை. உங்கள் எட்டு மா கறுத்துப் படுத்துக் கிடந்தது. எங்கள் ஒரு மாவும் அப்படியேதான், சிவப்பு வெள்ளை பேதமில்லாமல். வரப்பில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். உங்கள் நஷ்டத்துக்கு நான் ஆறுதல் சொல்ல வேண்டிய இடத்தில், நீங்கள் எனக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றீர்கள். சுற்றிலும் எல்லோரும் டிராக்டர் விட்டு அழித்து உழத் தொடங்கியிருந்தார்கள். அந்த ஒரு மாவை மட்டும் எட்டு நாள் தொடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு, எனக்கே நம்பிக்கை இல்லாமல் பஸ் ஏறினேன். டிராக்டர்காரர் இதையும் சேர்த்து உழுதுவிடலாம் என்று இரண்டு தடவை வந்தாராம். டாக்டரம்மா உத்தரவு இல்லாமல் பிணத்தை எடுக்கக் கூடாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினீர்களாம். அண்ணி சொல்லித்தான் தெரியும்.

ஏழாம் நாள் காலை போன் வந்தது. இத்தனை வருடம் கழித்தும் ஒரு சொல் மாறாமல் எனக்கு நினைவிருக்கிறது.

"டாக்டரம்மா, செவப்பு துளிர் உட்டுருச்சு. வரிசை பூரா ஊசி ஊசியா நிக்கிது. வெள்ளைல ஒண்ணு கூட இல்ல. இந்தத் தடவ நண்டு வரலைங்க. தைரியமா எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன். எழுத்து சரியாகத் தெரியவில்லை, கண்ணில் நீர். எந்தச் சாவைப் பார்க்கச் சகிக்காமல் இரண்டு முறை வரப்பைக் குத்தினீர்களோ, அதை உங்கள் சொந்த வயலில் எட்டு மாவுக்கும் பார்த்துவிட்டு, வரிசை வரிசையாக எண்ணி, எனக்குச் சொன்னீர்கள். எங்கள் அறிக்கையில் ஒத்துழைத்த விவசாயிக்கு நன்றி என்று அரை வரி இருக்கிறது. அதற்கு மேல் எழுத இடமில்லை என்றார்கள்.

அடுத்த பருவம் உங்கள் ஒன்பது மாவிலும் சிவப்புக் குச்சி நெல்தான். அதற்கடுத்து ஊரில் பாதிப் பேர் கேட்டு வாங்கினார்கள். நெல்லுக்கு ஏதேதோ எண் போட்டுப் பெயர் வைத்தோம். உங்கள் ஊரில் அதற்கு மாமியார் நெல் என்றுதான் பெயர். விதைக் கடையிலும் அப்படிக் கேட்டால்தான் எடுத்துத் தருகிறார்கள். உங்கள் மாமியார் அதைத் தனக்குச் செய்த மரியாதையாக எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். நல்ல வேளை, காரணத்தை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

போன பங்குனியில், அறுப்பெல்லாம் முடிந்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டுவிட்டு வந்து, வெந்நீர் கேட்டீர்களாம். அண்ணி கொண்டுவருவதற்குள் போய்விட்டீர்கள். எல்லாவற்றையும் இப்படி அவசரமாகவா செய்வது? பதினாலு நாள் பொறுக்கத் தெரியாத மனிதர் நீங்கள் என்று எனக்குத் தெரியும்தான். நான் வந்தபோது வாசலில் அந்தப் பழைய பெயின்ட் வாளி இருந்தது. வருடா வருடம் அதில் ஒரு குத்து பழைய சம்பாவை விடாமல் நட்டு வந்திருக்கிறீர்கள். முற்றிய கதிர் அப்படியே சாய்ந்து கிடந்தது. அண்ணி அதை உருவி, ஒரு மாத்திரைக் குப்பியில் போட்டு என் கையில் தந்தார். உன்கிட்டயே இருக்கட்டும்மா, எனக்குத் தண்ணி ஊத்தும்போதெல்லாம் அழுகை வருது என்றார். எனக்கும் வருகிறது. ஆய்வுக்கூடத்து மொட்டை மாடியில் ஒரு வாளி வைத்திருக்கிறேன்.

இப்போது இருபது நாள் முழுகினாலும் தாங்கும் நெல்லுக்கு முயன்றுகொண்டிருக்கிறோம். வழக்கம்போல ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் சாவதற்கென்று நடுவது. இந்தத் தடவை அந்த வெள்ளைக் குச்சிப் பக்கத்தில் நிற்பது உங்கள் மாமியார் நெல். அதுவும் இருபது நாள் தாங்காது அண்ணே. போன வாரம், தண்ணீர் திறந்துவிடும் அன்று காலை, எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் நான் வயலில் இறங்கினேன். எந்தக் காலை முதலில் எடுப்பது என்று இப்போது தெரியும். ஒரு குத்தைப் பிடுங்கி, முந்தானையில் மறைத்து, மாடிக்குக் கொண்டுபோய் வாளியில் உங்கள் சம்பாவுக்குப் பக்கத்தில் நட்டேன். வயலில் மிச்சம் நின்றவற்றிடம் சொல்லிக்கொள்ளத்தான் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று ஒரு தடவை கேட்டு வைத்திருக்கலாம்.

சற்றுமுன் என் உதவியாளர் பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தார். தண்ணீர் திறக்கும் முன் கடைசியாக எண்ணியதில், வெள்ளைக் குச்சிப் பக்கம், மூன்றாம் வரிசையில் ஒரு குத்து குறைகிறதாம். காரணம் என்ற கட்டம் காலியாக இருக்கிறது, நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

நண்டு என்று எழுதியிருக்கிறேன்.